நூலளவு பிசகு

ஆயுளில் பாதியைப் பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்தியே கழித்தவருக்கு அங்கே வைத்த பட்டப்பெயர் கமா. அது வீடுவரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. முதுகும் வருஷத்துக்கு வருஷம் வளைந்து அந்தப் பெயரோடு ஒத்துழைத்தது. முன்பின் தெரியாதவரின் மரண அறிவிப்பில் 'ஆழ்ந்த' என்பதற்கு ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தால்கூட, செத்தவரைவிட அவர்தான் அதிகம் சங்கடப்படுவார்.

ஓய்வு பெற்றதும் அவரே ஒரு புத்தகம் எழுதினார். ஒரே ஒரு ராக் இசைத்தட்டைப் பற்றிய புத்தகம். தட்டின் அட்டையில், கடலுக்குள் கழுத்தளவு தண்ணீரில் ஒரு மஞ்சள் பஸ் நிற்கும். நாலு பேர் அதன் கூரைமேல் உட்கார்ந்திருப்பார்கள். அண்ணன் வாங்கி வந்த தட்டு. சின்ன வயதில் இருவரும் கேட்ட ஒரே தட்டும் அதுதான், ஏனென்றால் வீட்டில் இருந்த ஒரே தட்டு அதுதான். உலகத்திலேயே இதைப்போலத் துக்கமான ராக் ஆல்பம் கிடையாது என்பது கமாவின் கட்சி. புத்தகத்துக்குத் தலைப்பு, 'மூழ்கும் பேருந்து'.

அவசரமாக எழுதினார். அண்ணனின் நுரையீரல் கையை விரித்துவிட்டது. படுக்கைக்குப் பக்கத்திலேயே காற்று கொடுக்கும் மெஷின். புத்தகம் அண்ணன் கைக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். விமர்சகர்கள் கைக்குப் போகாவிட்டால் இன்னும் நல்லது.

பதிப்பாளர் அம்மா அவரை நேரில் வரச் சொன்னார். பதிப்பகம் ஒரு காகிதக் கடையின் மாடியில் இருந்தது. விற்காத கவிதைப் புத்தகக் கட்டுகள்தான் வருகிறவர்களுக்கு நாற்காலி. கமா இரண்டு கவிஞர்கள்மேல் உட்கார்ந்தார்.

"சார், ஒரு சின்ன சந்தேகம். நீங்க கேட்டதும் நான் கேட்டதும் ஒரே ஆல்பம்தானா?"

"மஞ்சள் பஸ்தானே?"

"அதேதான். ரெண்டாவது பக்கத்துல மூணாவது பாட்டு. செத்துப்போனவன் வீட்டுக்குத் திரும்பி வர்றான், விளக்கைப் போடச் சொல்லிக் கதறுறான்னு ஒரு முழு அத்தியாயம் எழுதியிருக்கீங்க. படிச்சு அழுதுட்டேன். அப்புறம் பாட்டைக் கேட்டேன்."

போனை ஸ்பீக்கரில் சொருகினார். டிரம்ஸ் குதிரை மாதிரிக் கிளம்பியது. பாடகன் சோடா குடித்தவன்போல உற்சாகமாக ஏறிக் கத்தினான். கதறல் இல்லை, கும்மாளம். மூலையில் புத்தகம் கட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்களின் கால்கள் தாமாகத் தாளம் போட ஆரம்பித்தன.

"இது போலி," என்றார் கமா. "ரேடியோலயும் பஸ்லயும் இதைத்தான் போட்டுக் கெடுக்கறாங்க. ரெண்டாம் அத்தியாயத்துல அடிக்குறிப்பே போட்டிருக்கேனே."

"பார்த்தேன் சார். 'வேகப்படுத்திய போலிகள் உலவுகின்றன, எச்சரிக்கை'. ஆனா எனக்கு எங்க தேடினாலும் இந்தப் போலிதான் கிடைக்குது. அந்த பேண்டே போட்ட போலி." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார், "உங்க தட்டோட அட்டைக்குப் பின்னாடி ஒவ்வொரு பாட்டுக்கும் நேரம் அச்சடிச்சிருப்பாங்களே, அதைப் பார்த்தீங்களா?"

அச்சடித்திருந்தார்கள். அதில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பலமுறை பார்த்திருக்கிறார். இல்லை. கடிகாரத்தோடு வைத்துப் பார்க்க மட்டும் தோன்றியதே இல்லை.

"வருத்தப்படாதீங்க சார். பஸ் மூழ்கல. பிக்னிக் போயிருக்கு," என்றவர், கமாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் விழுங்கினார். "நிதானமா மாத்தி எழுதித் தாங்க. என்ன அவசரம்?"

"எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லம்மா," என்றார் கமா. "எங்க அண்ணனுக்குத்தான் கொஞ்சம் அவசரம்."

வீட்டுக்கு வந்து, புத்தகம் முழுவதையும் எழுதவைத்த அந்தப் பழைய பிளேயரைத் திறந்தார். சுழலும் தட்டைத் தூக்கினால் அடியில் மோட்டார். மோட்டாரின் முனையில், பெல்ட்டை இழுக்கும் சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில், அம்மாவின் தையல் மெஷின் பாபின். அதில் கொஞ்சம் கறுப்பு நூல். சக்கரம் உடைந்தபோது அண்ணன் செய்த வைத்தியம். இத்தனை வருஷம் அதைச் சாமர்த்தியம் என்றே நினைத்திருந்தார். பாபின் ஒல்லி. ஒல்லியான சக்கரம் தட்டை மெதுவாகத்தான் சுற்றும். மெதுவாகச் சுற்றினால் எவன் பாடினாலும் அழுகிற மாதிரித்தான் இருக்கும்.

பிளேயரைத் தட்டோடு ஒரு பழைய போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு மறுநாள் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினார். அண்ணன் வேலைசெய்த காலமெல்லாம் லிஃப்ட் மெக்கானிக். அவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. நாலு மாடியும் ஏறி மேலே போனபோது கமாவுக்கும் ஒரு காற்று மெஷின் தேவைப்பட்டது.

கதவைத் திறந்த அண்ணி மூட்டையைப் பார்த்தார். "என்ன தம்பி, வீட்டைக் காலி பண்ணிட்டு வந்துட்டீங்களா?"

"இல்ல அண்ணி. அண்ணன் பண்ணின ஒரு ரிப்பேர் வேலையைப் பத்திப் புகார் சொல்ல வந்தேன்."

"நல்லாக் கேளுங்க. இந்த வீட்டுக் குழாய் பத்தியும் சேர்த்துக் கேளுங்க."

ஜன்னலோரக் கட்டிலில் அண்ணன் தலையணைகளில் சாய்ந்திருந்தார். மூக்கில் குழாய். மெஷின் ஒரு ஓரத்தில் முனகிக்கொண்டிருந்தது. உடம்பில் பெரிதாக மிச்சம் இருந்தவை கைகள் மட்டும்தான்.

"வாடா. உன் நூல் எப்ப வருது?" பிழை திருத்தும் தம்பியிடம் பேசும்போது மட்டும் அண்ணன் புத்தகத்தை நூல் என்பார். கிண்டல்.

"உன் நூலாலதான் என் நூல் கெட்டுச்சு," என்று கமா போர்வையைப் பிரித்துப் பாபினைக் காட்டினார். நடந்ததைச் சொன்னார். பிக்னிக் போன பஸ் வரைக்கும் சொன்னார்.

அண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. அண்ணி ஓடிவந்து முதுகைத் தடவிவிட்டு, கமாவை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார்.

"உனக்கு இப்பத்தான் தெரியுமா?" என்றார் அண்ணன்.

கமா வாயைத் திறந்தவர் மூடவில்லை. "அப்ப உனக்கு?"

அண்ணன் துண்டு துண்டாகத்தான் சொன்னார். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு. "அப்பா போய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஒரு ஹோட்டல் பேண்டுல கிடாருக்கு ஆள் கேட்டாங்க. நான் போனேன். இந்தத் தட்டு மொத்தமும் எனக்கு அத்துப்படி இல்லையா? இதுலேர்ந்தே ஒண்ணு போடலாம்னு சொன்னேன், ரொம்பத் திமிரா. அவங்க ஆரம்பிச்சாங்க... நான் முதல் வரியைத் தாண்டறதுக்குள்ள அவங்க பாட்டையே முடிச்சிட்டாங்கடா. சுருதியும் சேரல. டிரம்ஸ்காரன் கேட்டான், 'தம்பி, நீ சவ ஊர்வலத்துல வாசிக்கிறவனா?'"

"வேற ஆள் எடுத்துட்டாங்கன்னுல்ல சொன்னே?"

"எடுத்தாங்களே. வேற ஆளைத்தானே எடுத்தாங்க?"

கமாவுக்கு அந்தச் சாயங்காலம் நினைவிருந்தது. அண்ணன் கிடாரைப் பரண்மேல் வைத்தார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அப்பா போன வீட்டில் எல்லாமே ஏதோ ஒரு இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"வழியிலேயே புரிஞ்சிடுச்சு, பாபின்தான்னு. நூல் இன்னும் கொஞ்சம் சுத்தியிருந்தா சரியா வந்திருக்கும். நூலளவு பிசகு, அவ்வளவுதான். இன்னிக்கே சரி பண்றேன்னு அம்மாவோட நூல்கண்டை எடுத்துட்டு ரூமுக்கு வந்தேன்." அண்ணன் நிறுத்தி மெஷினிடமிருந்து கொஞ்சம் காற்று கடன் வாங்கினார். "நீ ஸ்பீக்கர்ல காதை வச்சுப் படுத்திருந்தே. அந்த விளக்கு போடற பாட்டு. அழுதுட்டிருந்தே."

கமா பாபினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்பா போனதுலேர்ந்து நீ அழவே இல்ல. கல்லு மாதிரி இருந்தே. இவனுக்கு என்ன ஆகுமோன்னு அம்மா புலம்பாத நாள் இல்ல. அன்னிக்குத்தான் அழுதே. நான் அப்ப நூலைச் சுத்தி வேகத்தைக் கூட்டியிருந்தா..." கையை விரித்தார். "பஸ் பிக்னிக் போயிருக்கும்."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமேண்ணே."

"அப்புறம் நீ அதுக்கு அர்த்தம் எல்லாம் சொல்ல ஆரம்பிச்சிட்டே. கேக்கவே நல்லா இருந்துச்சு. நடுவுல எங்க நிறுத்தறது?"

அண்ணி காபி வைத்துவிட்டு, இரண்டு பேரும் ஏன் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்காமல் போனார்.

"அவகிட்ட நூல்கண்டு வாங்கிட்டு வா," என்றார் அண்ணன். "ஒரு தடவை சரியா ஓட்டிக் கேட்டுடுவோம்."

அண்ணியிடம் நீலம்தான் இருந்தது. கமா கறுப்பு நூலின்மேல் நீலத்தைச் சுற்றினார். "இறுக்கிச் சுத்துடா, பட்டமா விடறே?" என்று படுக்கையிலிருந்து மேற்பார்வை நடந்தது. "இன்னும் ஒரு நாலு சுத்து. போதும். முடிச்சுப் போடு."

பாட்டு கிளம்பியது. டிரம்ஸ், குதிரை, சோடா. அண்ணனின் இடதுகை விரல்கள் போர்வைமேல் இல்லாத தந்திகளைத் தேடி எழுந்தன. ஓடின. பின்தங்கின. மறுபடி எட்டிப் பிடிக்கப் பார்த்தன. நடுப்பாட்டில் கை தானாக மடியில் விழுந்தது.

"இப்பவும் முடியலடா," என்றார், ஏதோ வெளியூர்க்காரனைப் பற்றிச் சொல்வதுபோல. "நல்லாத்தான் வாசிக்கிறானுங்க, படுபாவிங்க." அப்புறம், "நீலத்தைப் பிரிச்சிடு."

கமா இறுக்கிப் போட்டிருந்த முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்துத்தான் அறுத்தார். நீல நூல் தரையில் சுருளாக விழுந்தது. முள்ளைத் திரும்ப வைத்தார். அந்தப் பழைய குரல், அடித்தொண்டையிலிருந்து, வீட்டு வாசலில் வந்து நின்று விளக்கைப் போடச் சொன்னது. அண்ணனின் விரல்கள் போர்வைமேல் ஒவ்வொன்றாக எழுந்து, ஒவ்வொன்றாக இடம் பார்த்து அமர்ந்தன. ஒரு இடம்கூடத் தப்பவில்லை. பாட்டு முடிந்து முள் வெறும் வட்டத்தில் கரகரத்தபோது, "இந்த வேகத்துல என்னை யாரும் அசைச்சுக்க முடியாது," என்றார் கண்ணை மூடிக்கொண்டு.

புத்தகம் வருவதற்குள் அவர் போய்விட்டார். மரண அறிவிப்பைக் கமாவே எழுதினார். அதில் எந்தப் புள்ளியும் விட்டுப்போகவில்லை. விட்டுப்போயிருந்தாலும் அன்றைக்கு அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

பதிப்பாளர் அம்மா மறுபடி கூப்பிட்டார். "சார், மாத்தி எழுதலையா?"

"ஒரு எழுத்தும் மாத்தல. அந்த அடிக்குறிப்பை மட்டும் எடுத்துடுங்க, பாவம் அவங்க போலி இல்ல. முதல் பக்கத்துல ஒரு பிழைதிருத்தம் போட்டுடலாம்."

"ஆல்பம் முழுக்கத் தப்பான வேகத்துல கேட்டதை எப்படி சார் ஒரு பிழைதிருத்தத்துல அடக்குவீங்க?"

அடக்கினார். முதல் பிரதியை எடுத்துக்கொண்டு நாலு மாடி ஏறினார். மெஷின் போன இடத்தில் சுவர் மட்டும் கொஞ்சம் வெளுப்பாக இருந்தது. அண்ணி புத்தகத்தை வாங்கி, அட்டையிலிருந்த பஸ்ஸைத் துடைத்து, முதல் பக்கத்தைத் திறந்தார். கண்ணாடி எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை. பக்கத்தை எட்டப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார்.

"பிழைதிருத்தம். இந்த நூல்... என் அண்ணன் சுற்றியது. அவர் இதை மெதுவாகத்தான்... வாசித்தார். நீங்களும் அப்படியே... வாசிக்கவும்."

படித்துவிட்டு நிமிர்ந்தார். "இதுல பிழை எங்க தம்பி இருக்கு?"

கமா வாங்கிப் பார்த்தார். வேலைப் பழக்கம், எழுத்தெழுத்தாகப் பார்த்தார். பிழை எதுவும் அகப்படவில்லை.