மெதுவாகத்தான் போனானாம்

கடல் பாலத்தில் காற்று அடிக்கும்போது என் பழைய மோட்டார் சைக்கிள் மூச்சுத் திணறும். பின்னால் லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே வருவான். தினமும் ஜெலுத்தோங்கிலிருந்து கடலுக்கு அக்கரையிலுள்ள பட்டர்வொர்த் துறைமுக அலுவலகத்துக்குப் போய்த் திரும்புகிறவளுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். இஞ்சினுக்குக் கொஞ்சம் தெம்பு ஏற்றலாம் என்று முடிவெடுத்தேன்.

பெரிய பிஸ்டன், கேம் ஷாஃப்ட், கிளட்ச் ஸ்பிரிங், இஞ்சின் பிளாக்கைக் கடைந்து தரும் கூலி எல்லாம் சேர்த்து எண்ணூறு வெள்ளி. பிரித்து மாட்ட மட்டும் பெங்கெல் பட்டறையில் இன்னும் நானூறு கேட்டார்கள். என்னிடம் இருந்ததே எண்ணூறுதான். அதனால் ஃபிளாட்டின் கீழே, மோட்டார் நிறுத்தும் இடத்தில், நானே பிரித்து நானே மாட்டினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. நகக்கண்ணில் ஏறிய கறுப்பு எந்த சோப்புக்கும் அசையவில்லை.

போகிற வருகிறவர்களின் வாய் சும்மா இருக்கவில்லை. இரண்டாம் மாடி சுகுமாரன் அங்கிள் நின்று கேட்டார். "என்னம்மா பிரமிளா, தம்பிக்கு ஹெல்ப் பண்றியா?"

தம்பி ஹரீஷ் அப்போது தன் போனைப் பார்த்தபடி எனக்கு டார்ச் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் செய்த வேலை அது ஒன்றுதான். "ஆமா அங்கிள்" என்று வேறு சொன்னான். பற்றிக்கொண்டு வந்தது.

இஞ்சின் முதல் உதையிலேயே எழுந்தது. புதுப் பிஸ்டன் பிளாக்கோடு பழகும்வரை ஆக்சிலேட்டரை முறுக்கக்கூடாது, ஐந்நூறு கிலோமீட்டர் வரை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும் என்று வீட்டில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லி வைத்தேன். சனிக்கிழமை நான் தூங்கி எழுவதற்குள் ஹரீஷ் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மதியம் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வந்தான். உதைமிதி அசையவே இல்லை. இஞ்சின் ஜேம்.

"நான் மெதுவாத்தான் போனேன்கா. நீ என்னமோ சரியா மாட்டல போல."

சுகுமாரன் அங்கிளுக்குக் கொண்டாட்டம். "பொம்பள கையில ஸ்பேனர் குடுத்தா இப்படித்தான்லா. பேசாம பெங்கெல்ல குடுத்திருக்கலாம்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஹரீஷும் சிரித்தான். எண்ணூறு வெள்ளி போனதுகூட அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை, அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. நான் மாட்டியதில் ஒரு குறையும் இல்லை என்று எனக்குத் தெரியும். யார் நம்புவார்கள்?

சாயங்காலம் குடும்பத்து வாட்சப் குழுவைத் திறந்தேன். காலையிலேயே அந்த மடையன் ஒரு வீடியோவை அனுப்பியிருந்தான். பாலத்தில், ஒரு கையால் போனைப் பிடித்து எடுத்தது, மீட்டர் முள் நூற்று முப்பதில். கீழே 'நம்ம இஞ்சின் செட்டப்' என்று பெருமை வேறு. சித்தப்பா கைதட்டியிருந்தார்.

அம்மாவிடம் காட்டினேன். முழுவதும் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"சரி விடு. வெளிய சொல்லிக்கிட்டு இருக்காத. அவனுக்கு அசிங்கமா போயிரும்."

அவனுக்கு அசிங்கம். மத்தியானம் என்னைப் பார்த்து ஊரே சிரித்ததே, அதற்கு என்ன பெயர்? அம்மாவிடம் கேட்கவில்லை, கேட்டால் அழுதிருப்பேன். அழ எனக்கு இஷ்டமில்லை.

மறுநாள் காலை, எல்லோரும் மீன், காய் வாங்கப் பாசாருக்குப் போய்த் திரும்பும் நேரமாகப் பார்த்து ஹரீஷைக் கீழே இழுத்துக்கொண்டு வந்தேன். ஸ்பேனரை அவன் கையில் கொடுத்துப் பிரிக்க வைத்தேன். பிளாக்கைத் தட்டித் தட்டிக் கழற்றியபோது பிஸ்டன் பக்கமெல்லாம் உராய்ந்து, கீறல் கீறலாக இருந்தது. சுகுமாரன் அங்கிள் மீன் பையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, எங்க தப்பா மாட்டுன?"

ஹரீஷையே பார்த்தேன். வீடியோ ஓடத் தயாராக என் கையில் இருந்தது. அது அவனுக்கும் தெரியும்.

"அக்கா சரியாத்தான் மாட்டுனாங்க அங்கிள்," என்று முனகினான். "நான்தான் முறுக்கி ஜேம் பண்ணிட்டேன்."

அங்கிள் படியேறப் பார்த்தார். மேலே எங்கள் மூன்றாம் மாடிக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றிருந்தார்.

"நில்லுங்க அங்கிள்," என்றேன். "ஹரீஷ், சத்தமா சொல்லு. அம்மாவுக்குக் கேக்கல."