நாட்காட்டிக்கு நான் கொடுத்த ஒரு நட்சத்திரம்

1.

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய்யை எழுதியவன் நான். கீழே எங்கள் அரங்கத்தின் பெயரைப் போட்டேன். அரங்கம் என் அப்பா கட்டியது, அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆகவே பொய்க்குக் கையெழுத்துப் போட்டவர் ஒருவகையில் அவர். (இந்த வாக்கியத்தை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். இருக்கட்டும்.)

முதலில் வேறு மாதிரித் தொடங்கியிருந்தேன்: "கணினி வீட்டுக்குள் நுழைந்த பிறகு மனிதனின் நிதானம்—"

நிறுத்திவிட்டேன். கணினி ஒரு தவறும் செய்யவில்லை.

2.

இரண்டாவது தொடக்கம்: "மருமகள் கெட்டிக்காரிதான், ஆனால்—"

அவளைப் பற்றி எழுதும்போதெல்லாம் இந்த "ஆனால்" தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. கதை எழுத உட்கார்ந்த பிறகுதான் அதைக் கவனித்தேன்.

மருமகள் வீட்டில் இருந்தபடியே மற்றவர்களுக்கு இணையதளம் செய்துகொடுக்கிறாள். எங்கள் அரங்கத்தின் தளத்தையும் அவள்தான் செய்தாள். எந்த நாளில் என்ன நிகழ்ச்சி என்று காட்ட அதில் ஒரு நாட்காட்டியைப் பொருத்தினாள். இந்த மாதிரிப் பொருத்திக்கொள்ளும் சிறு மென்பொருளைச் செருகுநிரல் என்று எழுத வேண்டுமாம். வீட்டில் எல்லோரும் பிளகின் என்கிறோம். எங்கோ ஒருவர் தனியாக உட்கார்ந்து செய்து இலவசமாகக் கொடுக்கிறார். பயன்படுத்துகிறவர்கள் அதன் பக்கத்தில் நட்சத்திரம் போட்டு, கருத்து எழுதலாம்.

நிகழ்ச்சிகளை நானே பதிவேன் என்றேன். அவள் சொல்லிக்கொடுத்தாள்: "தலைப்பு, தேதி, நேரம். அவ்வளவுதான் மாமா. கீழ இருக்கறதையெல்லாம் அப்படியே விட்டுடுங்க."

விட முடியவில்லை. நான் பதிவு அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் இருந்தவன். ஒரு கட்டம் காலியாக இருந்தால்கூட படிவத்தைத் திருப்பி அனுப்புவேன். வெயிலில் வரிசையில் நின்று வந்தவர்களையும் அனுப்பியிருக்கிறேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு இரங்கல் கூட்டம் பதியவேண்டி வந்தது. கீழே இருந்த கட்டங்கள் எதைக் கேட்கின்றன என்று புரியவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. "சுழற்சி" என்ற இடத்தில் இருந்த சொற்களில் "மாதம்" நல்ல சொல்லாகப் பட்டது. "எண்ணிக்கை" என்ற இடத்தில், பேச்சாளர்கள் பன்னிரண்டு பேர் என்பதால், பன்னிரண்டு என்று போட்டேன். ஒரு கட்டமும் காலியில்லை. திருப்தியாக இருந்தது.

இப்படியாக, பாவம் அந்தத் தலைமையாசிரியருக்கு எங்கள் அரங்கில் மாதம் ஒன்று வீதம் பன்னிரண்டு இரங்கல் கூட்டங்கள்.

3.

நான்காவது கூட்டம் ஒரு கல்யாணத்தின் மேல் போய் விழுந்தது.

கல்யாணங்களை நான் தளத்தில் போடுவதில்லை. வீட்டு விசேஷத்தை ஊருக்குக் காட்டக்கூடாது என்பது என் கொள்கை. டைரியில் மட்டும் எழுதுவேன். இந்தக் கல்யாணத்தையும் அப்படித்தான் எழுதியிருந்தேன். ஆனால் பெண் வீட்டார், வழி தெரியட்டும் என்று அழைப்பிதழில் எங்கள் தள முகவரியை அச்சடித்திருந்தார்கள். விருந்தாளிகள் திறந்து பார்த்தார்கள். அந்தத் தேதியில் "இரங்கல் கூட்டம்" என்று இருந்தது.

பெண்ணின் அப்பா அரங்க அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எங்க பொண்ணு கல்யாணத்தன்னைக்கு யாருக்குங்க அழப் போறீங்க?" என்றார்.

வேறு மண்டபம் பார்த்துவிட்டதாகவும் சொன்னார். குமாஸ்தா மேசையில் இல்லாத எதையோ தேடத் தொடங்கினார். நான் சொன்னது இது: "மருமக வச்ச பிளகின். அதுல ஏதோ கோளாறு." ஒரே மூச்சில் இரண்டு பேரை மாட்டிவிட்டேன்.

வீட்டுக்குப் போனதும் பிளகினின் கருத்துப் பக்கத்தைத் திறந்தேன். மற்றவர்கள் அங்கே சாதாரணமாக எழுதியிருந்தார்கள். ஒருவருக்கு வாரம் திங்களில் தொடங்க வேண்டும். ஒருவருக்கு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு நிறம் வேண்டும். முடிந்த நிகழ்ச்சியை மறைக்க முடிகிறது, நன்றி என்று ஓர் அம்மா ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார். நான் ஒன்று கொடுத்தேன்: "நெகிழ்வு துளியும் இல்லை. பொறுப்பற்ற மென்பொருள். இதனால் எங்கள் குடும்ப மானம் போயிற்று."

(நெகிழ்வு இல்லாதது எது என்று வாசகர் இங்கே சிரிக்கலாம். நான் மறுக்கவில்லை.)

செய்தவர் மறுநாளே பதில் எழுதினார். மன்னிப்புக் கேட்டிருந்தார். தொடர் நிகழ்ச்சியில் ஒரு நாளை மட்டும் நீக்கும் வசதி இருக்கிறது, எந்தக் கட்டங்களை நிரப்பினீர்கள் என்று சொன்னால் உதவுகிறேன் என்றிருந்தார். அதற்குக் கீழே இன்னொரு பதில், மருமகளின் பெயரில்: "இந்தத் தளத்தை அமைத்தவள் நான். தவறு என்னுடையது. பிளகினில் குறையில்லை."

படித்துவிட்டு, பரவாயில்லை, தவறை ஒப்புக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.*

* இந்த வரியை எழுத மூன்று நாள் ஆனது.

4.

இங்கே மருமகள் கோபப்படும் காட்சி ஒன்று எழுதியிருந்தேன். கதவை அறைகிறாள், நான் பொறுமையாக இருக்கிறேன். நன்றாக வந்திருந்தது. கிழித்துவிட்டேன். அவள் கதவை அறைந்ததே இல்லை.

நடந்தது வேறு. ஒரு பள்ளிக்கூடம் அவளுக்குத் தருவதாக இருந்த வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டது. இணையத்தில் அவள் பெயரைத் தேடியிருக்கிறார்கள், அந்தப் பதில்தான் முதலில் வந்திருக்கிறது. சாப்பிடும்போது மகன் சொன்னான். நாட்காட்டிகூட வைக்கத் தெரியாதவரிடம் எப்படிக் கொடுப்பது என்று கேட்டார்களாம். பிறகு தட்டைப் பார்த்தபடியே இன்னொன்றும் சொன்னான்: ஒவ்வொரு பதிவையும் யார் போட்டார்கள் என்று தளம் குறித்து வைத்திருக்கும். "உங்க பேர்தாம்பா இருக்கு. அவ எங்கிட்டகூட சொல்லல. நானாத்தான் பாத்தேன்."

அவளிடம் போய், ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டேன். கேட்ட தோரணை, படிவத்தைத் திருப்பிக் கொடுக்கும் தோரணைதான். வேறு தோரணை எனக்குத் தெரியாது.

"அரங்கத்து பேர்ல பொய் நிக்கக் கூடாதுன்னு தோணுச்சு மாமா. நீங்க மாத்தி எழுத மாட்டீங்கன்னு தெரியும்."

"நீ எழுதினதும் பொய்தானே?"

"ஆமா. ஆனா என் பேர்ல எழுதினேன்."

குடும்ப மானத்தை நான்தான் காத்துக்கொண்டிருக்கிறேன் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

5.

முடிவுகள்.

(அ) என் கருத்தை அழித்துவிடுவது. அதோடு அவள் பதிலும் போய்விடும், பக்கம் சுத்தமாகிவிடும். இதை அவளிடமே சொன்னேன். அழித்தால் தன்னுடைய ஒப்புதல் மட்டும் படித்தவர்கள் மனதில் நிற்கும், என்னுடையது எங்குமே இருக்காது என்றாள். கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

(ஆ) பள்ளிக்கூடம் திரும்ப அழைக்கிறது, மருமகள் சிரிக்கிறாள், நான்— இதை அரைப்பக்கம் எழுதியிருந்தேன். கதையைப் படித்துவிட்டு எந்தப் பள்ளிக்கூடமும் அழைக்காது.

(இ) அதே கருத்துப் பக்கத்தில் உண்மையை எழுதுவது, அப்பாவின் பெயருக்கு அடியில், என் பெயரோடு. மூன்று வாக்கியம் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பவில்லை. கதை என்று சொல்லிவிட்டால் இங்கே எதையும் ஒப்புக்கொள்ளலாம். அங்கே முடியாது.

இதை எழுதும்போது பக்கத்து அறையில் அவள் போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். புதிதாக வேலை விசாரிக்கிறவர் போலிருக்கிறது. "ஆமா மேடம், அந்தக் கமென்ட் நான் எழுதினதுதான்," என்கிறாள். அதில் இருப்பது உண்மையா என்று அந்தப் பக்கம் கேட்கிறார்கள் போலும். இன்னும் பதில் சொல்லவில்லை அவள்.

எனக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஏழெட்டு அடி. இதற்கு மேல் எழுதுவது, எழுந்திருக்காமல் இருக்க ஒரு சாக்கு. பேனாவை மூடுகிறேன். மூடியவன் எழுந்து போனானா, அங்கேயே உட்கார்ந்திருந்தானா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் விட்டால் என்னை நல்லவனாகத்தான் எழுதுவேன்.