துடைத்துப் போட்ட வியர்வை

மூன்றாவது தடவையாக அக்குளில் கையை விட்டு வியர்வையை வழிக்க வேண்டி வந்தபோது டெல்மாவுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. ஐம்பத்தெட்டு வயதில், சொந்தக் கடற்கரையில், எவனோ ஒருவனுக்காகத் திரும்பத் திரும்பக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள்.

வெளியாளை மேலே பாறைக்குக் கூட்டிப் போகுமுன், மண்ணுக்குச் சொந்தக்காரர் தன் வியர்வையை அவன் மார்பிலும் கையிலும் தடவ வேண்டும். செத்தும் மேலே பாறையில் குடியிருக்கும் மூத்தவர்கள் மூக்கால்தான் ஆளை அறிவார்கள். நம் வாடை அடித்தால் சும்மா இருப்பார்கள். தடவியவர் அந்த ஆளுக்கு ஜாமீன் நின்றதாக அர்த்தம். அவன் அங்கே என்ன செய்தாலும் அது தடவியவர் தலையில்தான் விடியும்.

ஜாஸ்பருக்கு அது ஒரு ‘ஷாட்’. படமெடுக்க வந்த இருவரில் பேசுகிறவன், நடிக்கிறவன், அதிகாரம் பண்ணுகிறவன் எல்லாம் அவனே. மற்றவன் ஹியூ, கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காதவன். அவனுக்கு முன்னமே தடவியாகிவிட்டது. முதல் தடவை டெல்மாவின் கை பட்டதும் ஜாஸ்பர் மூஞ்சியைச் சுளித்துவிட்டான், அது பதிவாகிவிட்டதாம். இரண்டாம் தடவை வெயில் மேகத்துக்குள் போய்விட்டதாம். ஒவ்வொரு தடவையும் ‘கட்’ சொன்ன கையோடு பையிலிருந்து எலுமிச்சை வாசனை அடிக்கும் ஈரக் காகிதத்தை உருவி, மார்பை அழுத்தி அழுத்தித் துடைத்து, கசக்கி மணலில் போட்டான்.

“கோச்சுக்காதீங்க ஆன்ட்டி, எனக்கு அலர்ஜி. சட்டுனு தடிச்சுப் போயிடும்.”

வாய்க்கு வாய் ஆன்ட்டி. இந்த ஆறு நாளில் அந்தச் சொல்லே அவளுக்குப் புளித்துப் போயிருந்தது.

படகில் உட்கார்ந்திருந்த லெஸ்டர் சிரித்தான். அவளுடைய அண்ணன் மகன், நாற்பதைத் தாண்டியவன், இந்தக் கரையின் நீரோட்டமெல்லாம் அவனுக்கு மனப்பாடம். “அத்தை, ஐயாவுக்கு உங்க வாடை ஒத்துக்கலையாம். நாளைக்கு சென்ட் அடிச்சுட்டு வாங்க.”

“உன் வாயில அடிக்கிறேன் வா,” என்றாள்.

டெல்மா இவர்களை அழைத்து வந்ததற்கு ஒரே காரணம்தான். உல்லாசக் கப்பல்காரன் ஒருவன் இந்தக் கரையில் ஆள் இறக்க அரசாங்கத்தில் மனு போட்டிருந்தான். ஆள் நடமாட்டமில்லாத இடம் என்று எழுதியிருந்தானாம். ஆள் இருக்கிறோம், வருகிறோம், போகிறோம் என்று உலகம் பார்க்கட்டுமே என்று நினைத்துத்தான் படத்துக்குச் சம்மதித்தாள். அதற்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நேற்று கடல் வடிந்து பவளத்திட்டு வெளியே தெரிந்தபோது, போகாதே என்று அவள் கத்தக் கத்த, ஜாஸ்பர் உயிருள்ள பவளத்தின் மேலேயே பூட்ஸ் காலோடு நடந்து காட்டினான். மண்சட்டியை மிதித்ததுபோல் நொறுங்கியது. அவன் உடம்பிலிருந்து வழிந்த வெயில் களிம்பு, குளம்போல் தேங்கிய தண்ணீரில் எண்ணெயாகப் படர்ந்தது. அதற்குள்தான் அவள் தூண்டிலுக்குப் பொடிமீன் பிடிப்பாள்.

“இன்னொரு தடவை போலாம் ஆன்ட்டி,” என்றான் ஜாஸ்பர். பிறகு, பெரிய உபகாரம் பண்ணுகிறவன்போல் ஒரு யோசனை சொன்னான். “ஒண்ணு பண்ணுங்க. பாட்டில் தண்ணியைக் கையில ஊத்தித் தடவுங்க. கேமராவுல வித்தியாசமே தெரியாது. உங்களுக்கும் சிரமமில்ல, எனக்கும் அலர்ஜி இல்ல.”

அங்கேயே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வெயில் மண்டையைப் பிளந்தது. எலுமிச்சை நாற்றம் மூக்கில் ஏறியிருந்தது. அந்த வழவழத்த மார்பில் இன்னொரு தடவை தன் வியர்வையைப் பூசி, அவன் அதை மலத்தைத் துடைப்பதுபோல் துடைப்பதைப் பார்க்க அவளால் முடியவில்லை. தொலையட்டும் என்று உள்ளங்கையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள், தடவினாள். ஜாஸ்பர் கண்ணை மூடி, பரவசப்பட்டவன்போல் மூச்சிழுத்தான். ஒரே தடவையில் ஷாட் ஓகே.

லெஸ்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. படகைவிட்டு இறங்கி அவளருகே வந்தான். “அத்தை, இது சரியா?”

“முன்னாடி ரெண்டு தடவை நெசமாத்தானே தடவினேன்?”

“அதை அவன் துடைச்சுட்டானே.”

“சும்மா வா. தண்ணி வடியறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம்.”

பாறைக்கு ஏறும் வழியில் நின்று எப்போதும்போல் குரல் கொடுத்தாள். “நான்தான், டெல்மா. ரெண்டு பேரைக் கூட்டிட்டு வரேன். நம்ம ஆளுங்கதான், ஒண்ணும் பண்ணிடாதீங்க.” சொல்லும்போதே நாக்கு கசந்தது. லெஸ்டர் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

குகையின் உள்சுவரில் அந்த முகம் இருந்தது. பெரிய கண்கள், வாய் கிடையாது, தலையைச் சுற்றிச் செம்மண் கதிர்கள். மழையைக் கொண்டுவருகிற முகம். கடைசியாக அதற்கு வெள்ளைக்களிமண் பூசியவர் டெல்மாவின் அண்ணன். அவர் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இறந்தவர் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால் அவர் பெயரைக்கூட இப்போது யாரும் உச்சரிப்பதில்லை. அந்த முகத்தில் கைவைக்கும் உரிமை அவரோடு போனது. மகன் லெஸ்டருக்கு அது வர வேண்டுமானால் மற்ற மூன்று குடும்பத்துப் பெரியவர்களும் கூடிச் சடங்கு செய்து கொடுக்க வேண்டும். இன்னும் எத்தனை வருஷமோ தெரியாது. அதுவரை எது உதிர்ந்தாலும் உதிர்ந்ததுதான், யாரும் தொட முடியாது. இதை டெல்மா ஜாஸ்பரிடம் முதல் நாளே தெளிவாகச் சொல்லியிருந்தாள். அவனும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். அந்தத் தலையாட்டலையும் ஹியூ படம்பிடித்தான்.

“கலர் கொஞ்சம் செத்தாப்புல இருக்கே,” என்று ஜாஸ்பர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. கடல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க டெல்மாவும் லெஸ்டரும் குகை வாசலுக்கு வந்திருந்தார்கள். பத்து மூச்சு விடும் நேரம்கூட இருக்காது.

உள்ளே புஸ் புஸ் என்று சத்தம் கேட்டது.

திரும்பி ஓடினாள். தன் முகம் வியர்த்ததுபோல் கேமராவில் காட்ட ஜாஸ்பர் ஒரு குப்பி வைத்திருப்பான். அதை அழுத்தி அழுத்திச் சுவரில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். செம்மண் பளிச்சென்று ஈரமாக மின்னியது. இடது கண்ணின் வெள்ளை கரைந்து, கன்னத்தில் கோடாக வழிந்துகொண்டிருந்தது.

“ஐயோ, அழுவுற மாதிரியே இருக்கு!” என்றான் ஜாஸ்பர், வாயெல்லாம் பல்லாக. “ஹியூ, விடாத, எடு! இது போதும்டா நமக்கு!”

டெல்மா பாய்ந்து அவன் கையைத் தட்டினாள், குப்பி உருண்டு ஓடியது.

“என்னடா பண்ணின? என்ன பண்ணின?”

“ஆன்ட்டி, வெறும் தண்ணி ஆன்ட்டி. காஞ்சா பழையபடி ஆயிடும்.” அவன் உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். “கீழே நீங்களே தண்ணியைத்தானே தடவினீங்க? அது தப்பில்லன்னா இது எப்படித் தப்பு?”

அந்தக் கணத்தில் அவனைவிட அருவருப்பாக ஒன்று அவள் கண்ணுக்குத் தெரிந்தது. தன்னுடைய வலது கை.

லெஸ்டர், தன் அப்பா பூசிய அந்தக் கண்ணைப் பார்த்தபடி அசையாமல் நின்றான். ஹியூ கேமராவை எப்போதோ கீழே இறக்கியிருந்தான்.

“படம் பதிஞ்ச அட்டையைக் குடு,” என்றாள் டெல்மா.

“அது முடியாது ஆன்ட்டி. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

“கையெழுத்துப் போட்டது பாக்கறதுக்கு. கழுவறதுக்கு இல்ல.”

“இது வெளிய வரலேன்னா நஷ்டம் யாருக்கு? கப்பல்காரன் ஜோரா வந்து இறங்குவான். தினம் இருநூறு பேர் இதே குகையில நின்னு செல்ஃபி எடுப்பான். யோசிச்சுப் பாருங்க.”

அவன் சொன்னது பொய்யில்லை. அதுதான் இன்னும் அசிங்கமாக இருந்தது. உள்ளதைச் சொல்லியே மிரட்டுகிறான், சுவரில் அந்தக் கன்னத்தில் வெள்ளை இன்னும் வழிந்துகொண்டிருக்கும்போதே.

டெல்மா லெஸ்டரைப் பார்த்தாள். அவன் ஜாஸ்பரிடம் மெதுவாகச் சொன்னான். “அரைமணியில படகு போற வாய்க்கால் வத்திடும். அப்புறம் பொழுது சாயற வரைக்கும் வெறும் சேறு. சேத்துல முதலை எப்படி வாயைப் பிளந்துட்டுப் படுத்திருக்கும்னு நேத்தே காமிச்சேன். அட்டையைக் குடுத்தா படகு கிளம்பும். இல்லேன்னா நான் இங்கயே உக்காந்துக்கறேன். எனக்கு அவசரமில்ல.”

ஜாஸ்பர் வாயைத் திறக்குமுன் ஹியூ கேமராவைத் திறந்து, நகம் அளவு அட்டையை எடுத்து டெல்மாவின் கையில் வைத்தான். ஆறு நாளில் முதல்முறையாக அவளிடம் நேராகப் பேசினான். “எடுக்க மாட்டேன்னு சொல்லியிருக்கணும். சொல்லல.”

“அவ்வளவுதான், உனக்கு வேலை போச்சு!” என்று ஜாஸ்பர் கத்தினான். யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை.

டெல்மா அட்டையைப் பாறையில் வைத்து, இன்னொரு கல்லை எடுத்து நாலு குத்துக் குத்தினாள். ஆறு நாள் பட்ட பாடு, உலகம் பார்க்கட்டும் என்ற ஆசை, எல்லாம் அந்தப் பொடியில் போயிற்று. பிறகு இருவரையும் கீழே போகச் சொன்னாள்.

அவர்கள் போனபின் சுவரின் முன் நின்றாள். நடந்ததை மூத்தவர்களுக்குச் சொல்லாமல் இங்கிருந்து இறங்க முடியாது. வாயைத் திறந்தாள். நான்தான் டெல்மா என்று தொடங்க வேண்டும், அந்த முதல் சொல்லே வரவில்லை. சற்று முன் இதே வாயால்தானே நம்ம ஆளுங்க என்றாள்.

“நீ சொல்லு,” என்றாள் லெஸ்டரிடம்.

“அவன் பண்ணினதைச் சொல்லட்டுமா?”

“அவனை இங்க யாருக்குடா தெரியும்? அவன் பேர் எதுக்கு? டெல்மாதான் கூட்டிட்டு வந்தா, தடவாமலே தடவினேன்னு அவளே பொய் சொன்னாள்னு சொல்லு.”

லெஸ்டர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, குகை அதிரும்படி உரக்கச் சொன்னான். அத்தையாயிற்றே என்று ஒரு வார்த்தையைக்கூட அவன் குறைக்கவில்லை.