மிருதுளாவின் பள்ளம்

மிருதுளாவுக்கு நிலவில் ஓர் இடத்தின் மேல் காதல். வேறு சொல் கிடையாது. ஆய்வு வண்டி இறங்க நிலவில் இடம் பார்த்துச் சொல்லும் கம்பெனியில் அவளுக்கு வேலை. பார்த்ததிலேயே ஒரு சின்னத் தரைதான் அவள் மனசைப் பிடித்துக்கொண்டது. அவள் எழுதிய கணினி நிரலோ, சரியாக அங்கேயே ஒரு பள்ளத்தைக் காட்டிக் காலை வாரியது.

வெயிலைப் பார்த்திருக்கும் சரிவு பளிச்சென்று இருக்கும், முதுகு காட்டும் சரிவு கருத்திருக்கும். படத்திலுள்ள அந்த வெளிச்சத்தையும் இருட்டையும் வைத்து நிரல் மேடு பள்ளத்தை வரைந்துவிடும். விண்கலம் அளந்த உயரங்களும் உண்டு. ஆனால் அவை தூரத் தூரமான புள்ளிகள். நடுவே பள்ளம் ஒளிந்திருந்தால் தெரியாது.

"மத்தியானத்துக்குள்ள சொல்லும்மா. பள்ளம்னா வேற இடம் எடுத்துடலாம்" என்று போனில் சொல்லிவிட்டார் மேலாளர் சத்யநாராயணன். பொங்கலும் அதுவுமாக! வண்டி அனுப்புகிறவர்கள் வெளிநாட்டுக்காரர்கள், அவர்களுக்கு ஏது பொங்கல்.

கூட வேலை பார்க்கும் கைனாத், சர்க்கரைப் பொங்கலுக்காகச் சேலையூரிலிருந்து ஸ்கூட்டியில் மிருதுளா வீட்டுக்கு வந்திருந்தாள். "நிலாவுக்குப் போய்ப் பாக்க முடியாது. பின்னாடி காலி மனை இருக்குல்ல? உன் புரோகிராம் நிஜம் பேசுதான்னு அங்க டெஸ்ட் பண்ணுடி" என்றாள்.

மொட்டைமாடியிலிருந்து காலை வெயிலில் போனில் மனையைப் படமெடுத்தார்கள். ஓரங்களில் நாலைந்து இடத்தில் உயரம் அளந்து கொடுத்தார்கள். அபாரம்! ஜல்லிக் குவியல், லாரி பதித்த தடம், எல்லாம் திரையில் அச்சு அசலாக எழுந்து நின்றன. கைனாத் விசிலடித்தாள். கூடவே மனைக்கு நட்டநடுவில், ஆள் விழுந்தால் கழுத்து வரை போகும் ஒரு பள்ளம்.

"அங்க ஏதுடி பள்ளம்!" என்று மிருதுளா வெறுங்காலோடு இறங்கி ஓடினாள். ஓடினாளே தவிர, இடம் நெருங்க நெருங்கச் சொந்த நிரலின் மேல் பக்தி முற்றி, கட்டைவிரலால் தடவித் தடவித்தான் நடந்தாள்.

இரண்டாம் மாடி அபிதகுஜாம்பாள் மாமி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னடி தொலைச்சே?"

"பள்ளத்தை, மாமி!"

கடைசி அடியை மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தாள். தொப்பென்று சமதரை. பாதமெல்லாம் கரி.

முந்தின நாள் போகிக்குக் கொளுத்திய இடம் அது. பழைய பாயைக் கொண்டுவந்து போட்டு நெருப்பு வைத்ததே மிருதுளா மகராசிதான்! மண்ணெல்லாம் ஒரே நிறம் என்று நிரலுக்குச் சொல்லிவைத்ததும் இவள்தான். கரியைச் சரிவு என்று நம்பி, அது பாவம், குழி தோண்டியிருக்கிறது.

வெட்கப்பட வேண்டியவள் கரிக்காலோடு குதித்தாள். "கைனாத்! நிலாவில இருக்கிறதும் வெறும் கறையா இருந்தா?"

மாடியிலிருந்து கைனாத் கத்தினாள். "எப்படிடி நிரூபிப்ப?"

"பள்ளத்து நிழல் வெயிலோட பக்கம் மாறும். கறை எங்கடி போகும்?"

படிகளைத் தாவித் தாவி ஏறினாள். நிலவின் அதே இடத்தைச் சூரியன் எதிர்ப்பக்கம் இருக்கையில் எடுத்த படம் ஒன்று உண்டு. மங்கலாக இருக்கிறதென்று ஒதுக்கி வைத்திருந்தாள். அதைத் தேடித் திறந்தாள். பள்ளமாக இருந்துவிட்டால் அந்த இடம் போச்சு, இனி அதைத் திரும்பிப் பார்க்கக்கூட வேலை இருக்காது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். சுற்றியிருந்த பாறைகளிலும் குழிகளிலும் நிழல் பக்கம் மாறியிருந்தது. அந்தக் கருப்பு மட்டும் இம்மியும் அசையவில்லை.

கைனாத் போட்ட கூச்சலில் மாமி மேலே வந்துவிட்டாள். மிருதுளாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. படங்களை அனுப்பிவிட்டு மேலாளரைப் போனில் கூப்பிட்டாள்.

அவர் இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்தார். "இருக்கலாம், தோணுதுன்னு எல்லாம் எழுதிடாதே. அறிக்கை உன் பேர்லதான் போகப் போகுது. அங்க இறக்கலாமா, கூடாதா?"

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 'இருக்கலாம்' என்ற சொல்லுக்குப் பின்னால் பதுங்கியே பழகியவள் அவள். வண்டி அங்கே கவிழ்ந்தால் மொத்தப் பழியும் அவள் தலையில்தான். அது தெரிந்தும் வாய் காது வரை விரிந்தது.

"சமதரை சார். இறக்குங்க!"