அல்போன்சம்மாளின் வாடகைக்காரர்

சிங்கப்பூரின் பிடோக் அடுக்குமாடியில் எந்த வீட்டில் என்ன குழம்பு, எந்த வீட்டில் யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை என்பதெல்லாம் அல்போன்சம்மாளுக்குத் தெரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் அவருடைய இடது மார்பில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்தது மட்டும் யாருக்கும் தெரியாது. கணவர் இஞ்ஞாசியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் மனிதர் ஜூரோங் கப்பல் பட்டறையில் வாய்விடுவார்; சாயங்காலத்துக்குள் சேதி மின்தூக்கி ஏறி வந்துவிடும். சேதி எப்படி ஏறும் என்று அல்போன்சம்மாளுக்குத் தெரியாதா? அதை ஏற்றி இறக்குவதே அவர்தானே.

புற்றுநோய்தான் என்று முடிவு கட்டிவிட்டார். தன் அடக்கத்துக்கு யார் யார் வருவார்கள், வந்து என்ன புறணி பேசுவார்கள் என்பதுவரை யோசித்தாகிவிட்டது.

சனிக்கிழமை மாதா கோயில் நொவேனா ஜெபத்துக்கு என்று சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் பஸ் ஏறினார். டாக்டர் அருள்ஜோதி கட்டியை அழுத்திப் பார்த்து, வெறும் ஊசி ஒன்றை எடுத்தார்.

"உள்ள மருந்தே இல்லையே டாக்டர்?"

"இது போடுற ஊசி இல்லம்மா, எடுக்குற ஊசி. வெட்டுறதுக்கு முன்னாடி உள்ள என்னன்னு உறிஞ்சிப் பார்த்துருவோம்."

சுருக்கென்றது. வந்தது ஒரு சொட்டுகூட இருக்காது. அதைக் கண்ணாடித் துண்டில் இழுத்துத் தேய்த்தார்.

"இம்புட்டுதானா? இதுல என்ன தெரியப் போகுது?" என்றார், இதைவிடச் சின்னத் துப்பில் முழுக் குடும்பக் கதையையே கண்டுபிடிக்கும் அல்போன்சம்மாள்.

அடுத்த சனிக்கிழமை டாக்டர் சிரித்தார். "கேன்சர் இல்லம்மா. புழு. யானைக்கால் புழுவோட குஞ்சு. கொசு கடிச்சு வர்றது. ஊர்ல ரொம்ப நாள் தங்கினீங்களா?"

தங்கினார். தங்கை மகள் கல்யாணத்துக்குக் கும்பகோணம் போனவர், அந்தத் தெருச் சண்டைகள் முடிகிறவரை ஆறு மாதம் இருந்துவிட்டுத்தான் திரும்பினார்.

குனிந்து காலைப் பார்த்துக்கொண்டார். "காலு வீங்கிருமா?"

"நேரத்தோட கண்டுபிடிச்சாச்சு. ரத்தம் பார்ப்போம், மாத்திரை சாப்பிடுங்க. வெட்ட வேண்டாம்."

போன உயிர் வந்தது. பழைய குணமும் கூடவே வந்தது. "டாக்டர், ஒரு தடவை காட்டுங்களேன்."

நுண்ணோக்கியில், ஊதாப் புள்ளிகளுக்கு நடுவே, அறுந்து விழுந்த தையல் நூல்போல வளைந்து கிடந்தது. எதிர்வீட்டு ஜன்னலைப் பார்க்கும் அக்கறையோடு பார்த்தார். "வாடகையும் இல்ல, வீடு குடுக்குற எச்டிபியோட பர்மிட்டும் இல்ல. குடியிருந்திருக்கான் பாருங்க!"

வீடு திரும்பும்போது நாக்கு அரித்தது. இப்படி ஒரு கதை. போயும் போயும் இப்படி ஓர் இடத்தில். நடைபாதையில் பக்கத்து வீட்டு லட்சுமி நின்றாள்.

"லட்சுமி, கோயில்ல ஒரு பொம்பளை சொன்னா. யாருக்கோ கட்டியாம். ஊசி வச்சு எடுத்துப் பார்த்தா புழுவாம் லா! கேன்சர் இல்லையாம்."

லட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பாடா. மாத்திரை குடுத்திருக்காங்களாக்கா?"

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். ஒரு மாசமா துணி காயப்போடுற மூங்கிலை ஜன்னலுக்கு வெளிய நீட்டுறது இஞ்ஞாசி அண்ணன். நீங்க இடது கையைத் தூக்குறதே இல்ல, முந்தானையை வேற இழுத்து இழுத்து விடுறீங்க. எனக்குத் தெரியாதா?"

அல்போன்சம்மாளின் முகம் சுண்டிவிட்டது. "யார்கிட்டயாவது சொன்னியா?"

"எந்தச் சேதின்னாலும் உங்ககிட்டதானேக்கா சொல்வோம். இதைப் போய் உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

அல்போன்சம்மாள் நடைபாதையை இரண்டு பக்கமும் பார்த்தார். லட்சுமியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"கதவைச் சாத்து. அது எப்படி வளைஞ்சு கிடந்துச்சு தெரியுமா?"