தொண்டைக்குச் சொந்தக்காரன்

ஆவூர் நிலவழகனுக்கு முகத்தைக் கொடுக்கும்போது ஆண்டவன் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. நல்ல உயரம், சுருட்டை முடி, கேமராவை எந்தப் பக்கம் வைத்தாலும் தாங்குகிற மூக்கு. குரலைக் கொடுக்கும்போதுதான் கையை இழுத்துக்கொண்டான். நிலவழகன் வாயைத் திறந்தால் தகரத்தில் ஆணியால் கீறுகிற சத்தம்தான் வரும். சென்னையில் அவன் ஏறி இறங்காத சினிமா கம்பெனி இல்லை. போட்டோவைப் பார்த்து உட்காரச் சொன்னவர்கள் எல்லாம், அவன் இரண்டு வரி பேசியதும் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

சவரியப்பனும் அதே ஊர்தான். அதே பஸ்ஸில் நிலவழகனோடு சென்னைக்குப் போனவன். அவனும் நடிக்கத்தான் போனான், ஆனால் அவன் கதை தலைகீழ். யார் கண்ணிலும் நிற்காத முகம். நேற்று பார்த்தவன் இன்றைக்கு மறுபடியும் பெயர் கேட்பான். குரல் மட்டும் அடிவயிற்றிலிருந்து எழும்பினால் அடுத்த அறையில் இருப்பவன் எழுந்து நின்றுவிடுவான். வீட்டிலும் கடையிலும் அவன் அப்படிப் பேசுவதில்லை. எல்லோரையும் போல, கொஞ்சம் மூக்கால், சாதாரணமாகத்தான் பேசுவான். மைக்குக்கு முன்னால் நின்றால்தான் அந்த இன்னொரு குரல் கிளம்பும். அதை வைத்து டப்பிங் தியேட்டர்களில் போலீஸ்காரன், டாக்டர், கும்பலில் கத்துகிறவன் என்று பேசிப் பிழைப்பை ஓட்டிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் ஒரு டிவி தொடரில் மருதவாணன் என்கிற வேடம் நிலவழகனுக்கு வந்தது. பெரிய வீட்டு அண்ணன், தம்பிகளை அதட்டி வளர்க்கிறவன். முகம் பிடித்திருக்கிறது, குரலுக்கு வெளியே தெரியாமல் வேறு ஆள் பார்க்கலாம் என்றார்கள். நிலவழகன் நேரே சவரியப்பனைத் தேடி வந்தான். ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தபோது கோயிலுக்குள் அவனைத் தள்ளிக்கொண்டு போய் மாதா முன்னால் நிறுத்தினான்.

"மாப்ள, எம் மூஞ்சி, ஒங் கொரல். வெளிய தெரிஞ்சா நான் செத்தேன்டா. இரவல் கொரல்ல பேசுறவன்னு பேராச்சுன்னா சினிமாவுல ஒருத்தன் சேக்கமாட்டான். வாயத் தொறக்கமாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணு."

"எனக்கு என்னடா கெடைக்கும்?"

"நான் கடேசி வரைக்கும் நடிச்சுக்கிட்டே இருக்கப் போறதில்ல. டைரக்டராவேன். என் மொதப் படத்துல ஒம் மூஞ்சியும் ஒங் கொரலும் ஒண்ணாத் தெரையில வரும். இது என் சத்தியம்."

இரண்டு பேரும் சத்தியம் பண்ணினார்கள். சவரியப்பன் அதை யாரிடமும் சொல்லவில்லை, மனைவி இசைவாணியைத் தவிர. அவள் இலுப்பூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கேட்டதும் முதலில் சிரித்தாள், அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "நீங்க வெவரம் இல்லாத ஆளுங்க," என்றாள்.

தொடர் பிய்த்துக்கொண்டு ஓடியது. மருதவாணன் பேசினால் அடுப்பில் பால் பொங்குவதைக்கூடப் பெண்கள் பார்க்கவில்லை. நிலவழகன் போகிற இடமெல்லாம் கூட்டம். தீபாவளிப் பேட்டியில் ஒரு பெண், "என்ன சார், நேர்ல குரல் வேற மாதிரி இருக்கு?" என்று கேட்டே விட்டாள். அவன் கொஞ்சமும் அசரவில்லை. "அது நடிப்புக்குன்னு வச்சிருக்கிற குரல்மா. வெளியில எடுத்தாத் தேஞ்சுரும்," என்றான். அரங்கமே கைதட்டியது. பண்டிகைக்கு வந்து ஆவூரில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த சவரியப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். இசைவாணி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

சும்மா சொல்லக்கூடாது, நிலவழகன் உழைப்பாளி. தொடரின் இயக்குநர் சண்டை போட்டுக்கொண்டு பாதியில் போனபோது, மருதவாணன் வேட்டியோடே போய் மானிட்டர் முன்னால் உட்கார்ந்தான். யாரை எங்கே நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் அழவிட வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குக் கைவந்தது. அந்தத் தொடர் முடிந்ததும் நடிப்பை விட்டுவிட்டு அடுத்தடுத்து தொடர்களை இயக்கினான். கடைசியில் ஒரு தயாரிப்பாளர் படம் கொடுத்தார். செய்தி வந்த அன்றைக்கே போனில் கூப்பிட்டு, "மாப்ள, சொன்னேன்ல?" என்றான். இத்தனை வருஷமும் இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சவரியப்பன் வாயை மூடிக்கொண்டு கிடந்தான்.

நார்த்தாமலைப் பக்கம் படப்பிடிப்பு. கல்குவாரியில் தம்பியைப் பறிகொடுத்த ஒரு கூலிக்காரன் வேடம் சவரியப்பனுக்கு. படத்தின் முடிவில் அதிகாரிகளுக்கு முன்னால் நின்று தம்பி செத்த கதையைச் சொல்ல வேண்டும். அந்தக் காட்சி நன்றாக இல்லையென்றால் படமே இல்லை. வெயிலில் பாறை மேல் நின்று சவரியப்பன் பேசி முடித்தபோது லைட் பிடித்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நிலவழகன் ஓடி வந்து கட்டிப்பிடித்தான். அந்த அணைப்பில் கள்ளம் இருந்ததாக சவரியப்பனுக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. அன்றைக்கு அவன் மனசு சுத்தமாகத்தான் இருந்திருக்கும்.

கோளாறு டப்பிங்கில் தொடங்கியது. தன் முகத்துக்குத் தானே குரல் கொடுப்பது சவரியப்பனுக்கு அதுதான் முதல் தடவை. எத்தனையோ பேர் உதட்டைப் பார்த்துப் பேசியவன், தன் உதடு திரையில் அசைவதைப் பார்த்ததும் தடுமாறிப் போனான். அப்புறம் சமாளித்துக்கொண்டு அந்தக் கடைசிக் காட்சியை ஒரே மூச்சில் பேசி முடித்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டு என்ஜினியர் கண்ணன், புதுப் பையன், காதில் இருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டு நிலவழகனைப் பார்த்தான்.

"சார், என்ன சார் இது, அப்படியே மருதவாணன் குரல். கண்ண மூடினா நீங்க பேசுற மாதிரியே இருக்கு."

நிலவழகனுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. பழைய ஞாபகத்தில் நெகிழ்ந்து போயிருக்கிறான் என்று சவரியப்பன் நினைத்துக்கொண்டான். அவன் புத்தி அவ்வளவுதான்.

படம் வெளியான வெள்ளிக்கிழமை, ஆவூரிலிருந்து ஒரு வேன் பிடித்துக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போனார்கள். இசைவாணி பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். எதிர்வீட்டு செவந்தி, மாதா கோயில் பங்குப் பேரவை ஆட்கள், கூடப் படித்தவர்கள் என்று வேன் நிறைந்துவிட்டது. தியேட்டர் வாசல் பேனரில் ஒரு மூலையில் சவரியப்பனின் தலையும் இருந்தது. செவந்தி அதற்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால்தான் அவன் வருகிறான். தலையில் துண்டோடு பாறைகளுக்கு நடுவே நடந்து வருகிறான். ஆவூர் ஆட்கள் விசில் அடித்தார்கள். திரையில் சவரியப்பன் நின்றான், நிமிர்ந்தான், வாயைத் திறந்தான். வேறு எவனோ பேசினான்.

யாரோ ஒருவன். கரகரப்பான, கட்டையான, சென்னையில் காசுக்குப் பத்துப்பேர் கிடைக்கிற குரல். சவரியப்பன் ஒரு நிமிஷம் மிஷின்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தான். பக்கத்தில் இசைவாணியின் கை வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தாள்.

"தம்பி, கொரலு வேற மாதிரி இருக்கே. சளி கிளி புடிச்சிருந்துச்சா?" என்று பின்னாலிருந்து செவந்தி கேட்டாள்.

கடைசிக் காட்சிவரை அவன் உட்கார்ந்தே இருந்தான். செத்துப்போன தம்பிக்காக அவன் நெஞ்சு அடித்துக்கொள்வதும், எவனோ ஒருத்தன் எழுதி வைத்ததை ஒப்பிப்பதும் ஒன்றாக நடந்தது. தியேட்டரில் ஒருவரும் அழவில்லை. பெற்ற பிள்ளையை அடுத்தவன் மடியில் பார்க்கிற மாதிரி வயிறு எரிந்தது அவனுக்கு.

படம் முடிகிற நேரத்துக்கு நிலவழகன் காரில் வந்து இறங்கினான். காலைக் காட்சியிலிருந்தே ஊர் ஊராகத் தியேட்டர்களுக்குப் போய் ரசிகர்களைப் பார்க்கிறான், இது சொந்த ஜில்லா. அவனை மேனேஜர் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். சவரியப்பன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். நிலவழகன் கூட இருந்தவர்களை வெளியே அனுப்பினான்.

"ஏன்டா?" என்றான் சவரியப்பன்.

நிலவழகன் தலையைக் குனிந்துகொண்டான். "மாப்ள, கோவப்படாத. அன்னைக்கு டப்பிங்ல அந்தப் பய சொன்னான் பாரு, அப்பத்தான்டா எனக்கு ஒறச்சுச்சு. ஒங் கொரல் ஒம் மூஞ்சியில வந்துச்சுன்னா, மருதவாணன் பேசுனது யாருன்னு நாளைக்குக் காலையில ஊருக்கே தெரிஞ்சுரும். ஒனக்குக் கொரல் வந்தா எனக்குப் போயிரும்டா. நான் என்ன செய்யட்டும்?"

"அது என் கொரல்டா."

"ஒன்னோடதுதான். யாரு இல்லைங்கிறா? ஆனா ஊரு என்னோடதுன்னுதானே நெனச்சுக்கிட்டு இருக்கு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. ஊரையே வேன்ல ஏத்திக்கிட்டு வந்திருக்கேன்டா நான்."

"சொன்னா நீ சம்மதிச்சிருப்பியா?" என்றான் நிலவழகன். பிறகு எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மெதுவாக, "மாதா மேல சத்தியம் பண்ணியிருக்க, மறந்துராத," என்றான்.

அதுதான் சவரியப்பனுக்குத் தாங்கவில்லை. தன் சத்தியத்தைக் காற்றில் விட்டவன், அடுத்தவன் சத்தியத்தைப் பத்திரமாகப் பிடித்து வைத்திருந்தான். நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்றால் என்ன என்று சவரியப்பன் அந்த அறையில் நின்றுதான் தெரிந்துகொண்டான்.

உள்ளே திரைக்கு முன்னால் நிலவழகன் ஏறியதும் கூட்டம் எழுந்து நின்றது. அவன் ஊரைப் பற்றி, மண்ணைப் பற்றி நாலு வார்த்தை பேசினான். பால்கனியிலிருந்து ஒருவன், "மருதவாணன் வசனம் ஒண்ணு சார்," என்று குரல் கொடுத்தான். அது கூட்டத்தில் தொற்றிக்கொண்டது. நிலவழகன் சிரித்துக்கொண்டே தொண்டையைத் தொட்டுக் காட்டி, ஊர் ஊராகப் பேசிக் கட்டிவிட்டது என்றான். கூட்டம் விடவில்லை.

சவரியப்பன் படியேறிப் போனதை யாரும் கவனிக்கவில்லை. சத்தியத்தை அவன் மீறப் போவதில்லை. இன்ன ஆளுக்கு நான்தான் பேசினேன் என்று ஒரு வார்த்தை சொல்லத் தேவையில்லையே. பேசினால் போதும், தெரிந்துவிடும். மேடைக்குப் போய் நிலவழகன் கையிலிருந்த மைக்கை வாங்கினான். பிடுங்கினான் என்றே சொல்லலாம். அடிவயிற்றிலிருந்து மூச்சை எடுத்தான்.

"கதவு தொறந்துதான் இருக்கு. போறவன் போகலாம். திரும்பி வாரவன் செருப்பைக் கழட்டிட்டு வரணும்."

தியேட்டர் அடங்கிப்போனது. பின்வரிசையில் அழுதுகொண்டிருந்த குழந்தைகூட நிறுத்திவிட்டது. அந்த அமைதியில் சவரியப்பனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தெரிந்துவிட்டது, எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று நினைத்தான். நிலவழகனின் நெற்றியில் வேர்வை துளிர்த்து நின்றது.

அப்புறம் கைதட்டல் வந்தது. கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரி கைதட்டல். முன்வரிசையில் ஒருவன் பக்கத்தில் இருப்பவனைத் தட்டி, "மிமிக்ரிடா. அப்படியே சாரு மாதிரியே பண்றாரு பாரு," என்றான்.

சவரியப்பனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மைக்கை இறுக்கிப் பிடித்தான். அதுவரை கட்டிக் காத்த சத்தியம் அந்த இடத்தில் உடைந்தது. "இது அவன் கொரல் இல்ல," என்றான், அதே குரலில். "இது என் கொரல்."

கூட்டம் சிரித்த சிரிப்பில் அடுத்து அவன் சொன்னது கேட்கவில்லை. சிலர் நாற்காலி மேல் ஏறி நின்று செல்போனில் படம் பிடித்தார்கள். நிலவழகன் பிழைக்கத் தெரிந்தவன். ஒரு நொடியில் சுதாரித்துக்கொண்டு சவரியப்பன் தோளில் கையைப் போட்டு மைக்கைத் தன் பக்கம் திருப்பினான்.

"என் நண்பன், எங்க ஊர்க்காரன். சின்ன வயசுலேருந்து கூடவே இருந்து என்னை அப்படியே புடிச்சு வச்சிருக்கான். இந்தத் திறமைக்காகவே அடுத்த படத்துல இவனுக்கு ஒரு காமெடி வேஷம் தரப்போறேன்."

மறுபடியும் கைதட்டினார்கள். சவரியப்பன் கூட்டத்தில் ஆவூர் ஆட்களைத் தேடினான். அவர்களும் தட்டிக்கொண்டிருந்தார்கள். செவந்தி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டினாள். தன் எதிர்வீட்டுக்காரனுக்கு இவ்வளவு கைதட்டல் கிடைப்பதை அவள் இதுவரை பார்த்ததில்லை, பாவம். இசைவாணி மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

வெளியே வெயில் கண்ணைக் கூசவைத்தது. வேனுக்குப் போகிற வழியில் ஒரு கல்லூரிப் பெண் செல்போனை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். "அண்ணே, ஒரே ஒரு தடவ நிலவழகன் சார் கொரல்ல பேசுங்கண்ணே. எங்க அம்மா அவரோட பெரிய ரசிகை."

சவரியப்பன் அந்தச் சின்னத் திரையில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"அவரு கொரல் எங்கிட்ட இல்லம்மா," என்றான். மூக்கால், சாதாரணமாக, வீட்டில் பேசுகிற மாதிரி.

அவள் முகம் வாடிப்போய்விட்டது. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டே, "என்னண்ணே, நாலு பேரு கைதட்டுனதும் பந்தா பண்றீங்க. அவரு மாதிரி பேசுறதுக்கே இப்படின்னா, அவரு எவ்வளவு பண்ணனும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.