நிய்யத்துக்கு இன்னும் ஆறு மணி நேரம்

ஹெட் நர்ஸின் கணவருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் 'செக்கிங்'. வண்டிகளைப் பரிசோதிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரேக், விளக்கு, ஹாரன் என்று முப்பது வருடம் அடுத்தவர் குறையைத் தேடித் தேடிப் பழகிய கண். மெக்காவுக்கு உம்ரா யாத்திரை போவதென்று முடிவானதும் அந்தக் கண்ணுக்கு மறுபடியும் உத்தியோகம் கிடைத்துவிட்டது.

யாத்திரையில் கடைப்பிடிக்க வேண்டிய இஹ்ராம் நிலையின் விதிகளைக் கரைத்துக் குடித்தார். ஆண்களுக்குத் தைக்காத வெள்ளைத் துணி இரண்டு, உள்ளாடை கூடாது, தலையை மூடக் கூடாது, அத்தர் கூடாது, முடியோ நகமோ வெட்டக் கூடாது, வீண் வாக்குவாதம் கூடாது. கடைசி விதி வரும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும். பயிற்சி வகுப்பில், குழுவை அழைத்துப் போகும் மார்க்க அறிஞரான ஹஜ்ரத் ஒரு வரி சொன்னால் இவர் நாலு வரி சேர்ப்பார். பின்வரிசையில் இருந்த மனைவி, வார்டில் அரைகுறை டாக்டர்களைப் பார்க்கும் அதே பார்வையோடு அவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

விமான நிலையத்தில் தொழுகை அறைக்குப் பக்கத்தில் ஆண்கள் உடை மாற்றினார்கள். முதலில் மாற்றி வந்த செக்கிங், வாசலில் நின்றுகொண்டு வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பரிசோதித்தார். ஒருவருடைய செருப்பு கணுக்காலை மூடியது. இன்னொருவர் துண்டில் வாசனை வந்தது. எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார்கள்.

கடைசியாக வந்தவர் பேக்கரிக்காரர். எழுபதைத் தாண்டியவர். மெல்ல நடந்தார். நடக்கும்போது இடுப்புத் துணிக்குள் ஏதோ சரசரத்தது.

"உள்ள என்ன போட்டிருக்கீங்க?" என்றார் செக்கிங்.

அவர் தாண்டிப் போகப் பார்த்தார். செக்கிங் விடவில்லை. உள்ளாடை கூடாதென்று வகுப்பிலேயே படித்துப் படித்துச் சொன்னோமே என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி கேட்டார். நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"டயாப்பர்," என்றார் பேக்கரிக்காரர்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் சட்டென்று கைபேசியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, தான் வரவில்லை, நீ மட்டும் போய் வா என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் பெட்டியைத் திரும்ப வாங்க முடியுமா என்று அழுகையோடு விசாரித்தபோதுதான், பெண்கள் தொழுகை அறையிலிருந்து வந்த ஹெட் நர்ஸுக்கு விஷயம் தெரிந்தது.

அவள் நேராக ஹஜ்ரத்திடம் போனாள். நோயாளிக்கு அனுமதி உண்டு, அதற்குப் பரிகாரமும் உண்டு, போன வாரமே பேக்கரிக்காரரிடம் சொல்லியாயிற்று என்றார் ஹஜ்ரத். பிறகு நீங்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டதற்கு, செக்கிங் இருந்த பக்கம் பார்த்துத் தாடியைத் தடவினார். அவருக்கும் சேர்த்து ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கணவரிடம் வந்தாள்.

முகத்தைப் பார்த்ததுமே அவர் கையை உயர்த்தினார். "சண்டை வேணாம். இஹ்ராம்ல இருக்கோம்."

"துணிதான் மாத்தியிருக்கீங்க. மெக்காவுக்கான எல்லை வர்றதுக்கு முன்னாடி விமானத்துலதான் உம்ரா செய்யறேன்னு மனசுல நிய்யத்து வைக்கப் போறோம், இஹ்ராம் அப்பதான் ஆரம்பம். அதுக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருக்கு. அதுவரைக்கும் நான் தாராளமா சண்டை போடலாம்."

போட்டாள். குரலை உயர்த்தாமல், வார்டில் பேசும் அதே அடங்கிய குரலில். இரண்டு வருடம் முன்பு அவருக்கு மூல அறுவை சிகிச்சை நடந்ததையும், பஞ்சு மாற்றும்போதெல்லாம் பார்க்க வந்தவர்களை வெளியே அனுப்பித் திரையை இழுத்து மூடியது யார் என்பதையும் ஞாபகப்படுத்தினாள்.

"விதியைத்தானே சொன்னேன்," என்றார் அவர், தரையைப் பார்த்து.

இந்த மனிதரிடம் மன்னிப்பை எதிர்பார்ப்பது வீண் என்று அவளுக்குத் தெரியும். பேக்கரிக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

"எத்தனை எடுத்துட்டு வந்திருக்கீங்கண்ணே?"

அவர் கைப்பையின் பக்கவாட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு, "பன்னிரண்டு," என்றார்.

"பத்தாது. இறங்கினதும் மருந்துக்கடைக்குப் போவோம். நானும் வரேன். ஹஜ்ரத்துகிட்டயும் கேட்டுட்டேன், உங்களுக்கு ஒரு தடையும் இல்ல."

இருபது வருடம் சிறுநீரக வார்டில் இருந்ததைப் பற்றியும், அங்கே வந்துபோன பெரிய மனிதர்களைப் பற்றியும் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். விமானத்துக்கு அழைத்தபோது அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

கழிப்பறையை ஒட்டியிருந்த தங்கள் இரண்டு இருக்கைகளையும் பேக்கரிக்காரருக்கும் அவர் மனைவிக்கும் கொடுத்துவிட்டு, பின்னால் இரண்டு தடித்த ஆட்களுக்கு நடுவே போய் உட்காரும்படி கணவரிடம் சொன்னாள். அவர் பையை எடுத்துக்கொண்டு போனார். அவள் பேக்கரிக்காரரின் மனைவிக்கு ஒதுக்கியிருந்த இருக்கையில் உட்கார்ந்தாள்.

எல்லை நெருங்குகிறது என்று அறிவிப்பு வந்தது. நிய்யத் வைத்தாள். இனி வாய்ச்சண்டை இல்லை. மனசுக்குள் கணவர்மேல் இருந்த இளக்காரம் மட்டும் இறங்க மறுத்தது. அதற்குப் பரிகாரம் உண்டா என்று ஹஜ்ரத்திடம் கேட்கலாம். ஆனால் வாய் திறக்காமல் தாடியைத் தடவிய அந்த ஆளிடம் கேட்கவும் அவளுக்கு மனசு வரவில்லை. யாத்திரை முழக்கமான தல்பியாவைச் சொல்லத் தொடங்கினாள். பின்வரிசையில் இருந்து கணவரின் குரல் எல்லோரையும்விட உரக்கக் கேட்டது.